சத்தம் வெளியே போகாத வீடு

தம்பி,

பெற்ற மகனைத் தம்பி என்று கூப்பிட்டே வாய் பழகிவிட்டது. இவ்வளவு கோபத்திலும் வேறு பெயர் வரவில்லை. இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புகிறேன், வரிசையாகப் படி. பாதியில் என்னைக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன். சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் நீ ஒரு பெரிய வீடு பார்த்து வைத்திருக்கிறாயே, அதற்குள் யோகேஸ்வரி உன் பெண்டாட்டியாகக் கால் வைக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். பத்திரிகை அச்சடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, எல்லாம் எனக்கும் தெரியும். பத்திரிகையைக் கிழித்துப் போட்டால் குப்பைத்தொட்டி வாங்கிக்கொள்ளும். ஒரு பெண்ணின் மண்டை உடைந்தால் அதை யார் வாங்கிக்கொள்வது?

இது உனக்கு மட்டும் எழுதினதும் இல்லை. யோகேஸ் படிப்பாள், அவள் அப்பா அம்மா படிப்பார்கள், புந்தோங்கில் நம் தெருவில் யார் கேட்டாலும் கொடுப்பேன். ‘நம்ம வூட்டு விசயம் நம்ம வூட்டோட’ என்று சொல்லிச் சொல்லியே உன் அப்பா என் வாயைத் தைத்து வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆகிவிட்டன, நான்தான் தையலைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். இன்றைக்குப் பிரித்துவிட்டேன். உனக்கு அவமானமாகத்தான் இருக்கும், தாங்கிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ, நான், யோகேஸ் மூன்று பேருமாக அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். நுழைவாசலில் காவலுக்கு ஒரு கார்டு நின்றுகொண்டு பெயர் எழுதச் சொன்னான். உள்ளே போனால் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே பந்து விளையாடலாம், அவ்வளவு இடம். நீ ஒவ்வொன்றாகக் காட்டினாய். ஐந்து ரூம், நாலு பாத்ரூம். இரண்டு பேருக்கு நாலு பாத்ரூம் எதற்கடா என்று கேட்டேன். “இப்ப எல்லாரும் இப்டித்தாம்மா எடுக்குறாங்க லா” என்றாய். வெட் கிட்சன் ஒன்று, டிரை கிட்சன் ஒன்று. மீன் பொரிக்க ஒன்று, காப்பி கலக்க ஒன்று. நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒரு அறை, ஒரு நடை, ஒரு அடுப்படி, அதில் ஒன்பது பேர் படுத்து எழுந்தோம். அதனால் பெரிய வீடு எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதே. பிடித்தது. அந்தச் சமையல் மேடையைக் கையால் தடவிக்கூடப் பார்த்தேன். அப்போதுதான் வீடு விற்கிற அந்த மலாய்ப் பையன் மாடியில் பெரிய படுக்கையறைக் கதவைச் சாத்தித் தட்டிக் காட்டினான். கெட்டிக் கதவு, ஜன்னல் கண்ணாடியும் இரட்டை. “உள்ளே கத்தினால்கூட வெளியே கேட்காது அன்ட்டி, கத்திப் பாருங்க” என்று மலாயில் சொல்லிச் சிரித்தான். நீயும் சிரித்தாய். யோகேஸ் சிரிக்கவில்லை.

வீடு பார்க்கப் போகிறவர்கள் வாஸ்து பார்ப்பார்கள், குழாயில் தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்ப்பார்கள், சுவரில் விரிசல் தேடுவார்கள். நான் ஓட வழி பார்ப்பேன். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, கருமாதி வீடாக இருந்தாலும் சரி, உள்ளே நுழைந்ததும் என் கண் தானாகப் போய்விடும். அடுப்படிக்கு இரண்டு வாசல் இருக்கிறதா, பாத்ரூம் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து சரியாக விழுமா, வாசல் கிரில் கதவுச் சாவி எங்கே தொங்குகிறது, சத்தம் போட்டால் எந்த வீட்டுக்குக் கேட்கும். உன் வீட்டிலும் பார்த்தேன். மாடியிலிருந்து இறங்க ஒரே படிக்கட்டு. இறங்கினால் நேரே ஹால். நடுச்சுவரை எல்லாம் எடுத்துவிட்டு அதற்கு ‘ஓப்பன் கான்செப்ட்’ என்று பெயர் சொன்னாய். ஹாலைத் தாண்டாமல் எந்தக் கதவுக்கும் போக முடியாது. நடுவில் ஒரு ஆம்பளை கையை விரித்து நின்றால் போதும், அந்த வீட்டுப் பொம்பளைக்குப் போக்கிடம் இல்லை. இதை எந்தத் தரகனும் சொல்ல மாட்டான், அடி வாங்கினவள்தான் சொல்லுவாள்.

நான் அந்தப் பையனோடு கீழே இறங்கிவிட்டேன். நீயும் யோகேசும் மாடியிலேயே நின்றீர்கள். அவள் அபார்ட்மெண்ட் கேட்கிறாள் என்பது எனக்கு முன்பே தெரியும். ஈப்போ டவுனுக்குள், அவள் வேலை பார்க்கிற பல் கிளினிக்குக்குப் பக்கத்தில், மூன்று ரூம் இருந்தால் போதும் என்கிற பெண். “செவுத்துக்கு அந்தப் பக்கம் யாராச்சும் பூண்டு இடிக்கிற சத்தம் கேட்டாத்தான் அத்த எனக்கு வூடு மாதிரி இருக்கும்” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னாள். நீ அதைப் புறாக்கூண்டு என்பாய். அன்றைக்கும் அந்தப் பேச்சுத்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே நின்றேன். மேலேயிருந்து எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. அவள் இறங்கி வந்தபோது ஒரு கையில் கண்ணாடி வளையல் இல்லை. சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடியிருந்தாள், மூடின துணி சிவந்து நனைந்திருந்தது. நீ பின்னாலேயே வந்து, “சரிம்மா, இதையே எடுத்துரலாம்” என்றாய், ஒன்றும் நடக்காதவன் மாதிரி.

காரில் ஏறியதும் கேட்டேன். “கதவு இடிச்சிருச்சு அத்த” என்றாள். என் வாழ்க்கையிலும் என்னை அடித்தது எப்போதும் கதவுதான், தம்பி. கதவு, படிக்கட்டு, வழுக்கின பாத்ரூம். கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொல்லி வைத்தேன். புந்தோங் வீட்டுக்கு வந்து நீ காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சட்டைக் கையை மடக்கிப் பார்த்தேன். வளையல் துண்டு சதைக்குள் இருந்தது, ஊசியைச் சுட்டு எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டுக்கு மேலே உன் விரல்கள் அப்படியே பதிந்து நீலமாகக் கிடந்தன. எந்தக் கதவுக்கடா அஞ்சு விரல் இருக்கு?

உனக்கு லயம் தெரியாது. நீ பார்த்ததெல்லாம் அந்த இடத்தில் இப்போது நிற்கிற செம்பனை மட்டும்தான். வரிசையாக ஒட்டின வீடுகள், நடுவே பலகைத் தடுப்பு. அந்தத் தடுப்பு கூரை வரைக்கும் போகாது, ஒரு ஆள் உயரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும். ஒரு வீட்டில் கருவாடு சுட்டால் வரிசைக்கே பசிக்கும். புதிதாகக் கல்யாணம் ஆனதுகள் பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டிலாவது ஒருத்தன் பெண்டாட்டியை அடிக்கிற சத்தம் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரி கையில் கிடைத்த கரண்டியை எடுத்துத் தடுப்புப் பலகையில் தட்டுவாள். அதைக் கேட்டு அதற்கு அடுத்த வீட்டுக்காரி தட்டுவாள். அப்படியே போய் லயம் முழுக்கப் பலகை அதிரும். யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள், எட்டிப் பார்க்கவும் மாட்டார்கள். அவன் நிறுத்துகிற வரைக்கும் தட்டுவார்கள், நிறுத்தினதும் போய்ச் சோற்றை வடிப்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒருத்தன் இருந்தான். கள் உள்ளே போனால் பெண்டாட்டியை அடுப்பு விறகால் அடிப்பான். ஒரு சாயங்காலம் என் அம்மா தட்ட ஆரம்பித்தும் அவன் நிறுத்தவில்லை. வரிசையே தட்டியது, அவன் இன்னும் வேகமாக அடித்தான். பிறகு பால்மரம் சீவுகிற உளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, “எவடி அது, என் வூட்டு விசயத்துல தட்டுறவ?” என்று எங்கள் வாசலில் நின்றான். அம்மா கதவைச் சாத்தவில்லை. “நான்தான்டா” என்றாள். வீசினான். அம்மாவின் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு வரிசையில் இருந்த பொம்பளைகள் அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள். பால் வாளி எடுத்தவள் வாளி, துடைப்பம் எடுத்தவள் துடைப்பம். அவனைப் பொதுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், ‘விட்டுருங்க தாயி’ என்று அவன் கும்பிடுகிற வரைக்கும் போட்டார்கள். முன்பல் சிமெண்டுத் தரையில் கிடந்தது. கடைசி அடியை அடித்தவள் அவன் பெண்டாட்டி. அப்புறம் அவளே அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கஞ்சியும் ஊற்றினாள். அந்த லயத்தில் இருந்த வரைக்கும் அவன் மறுபடி விறகைத் தொடவில்லை.

இதைப் படித்துவிட்டு லயத்தைக் கோவிலாக்கிவிடாதே. அதே பலகைக்குப் பின்னால் என் அப்பா என்னை பெல்ட்டால் விளாசியிருக்கிறார், ஒரு கரண்டியும் தட்டவில்லை. பிள்ளையை அடிப்பது அங்கே அடிக் கணக்கில் சேராது. பொம்பளைப் பிள்ளை குளிக்கப் போனால் கூடவே கண்களும் போகும். ஒரு மூலையில் உட்கார்ந்து நிம்மதியாக அழக்கூட இடம் கிடையாது, அழுதால் ‘என்னா புள்ள, ஏன் அழுவுற’ என்று தலைக்கு மேலே இருந்து குரல் வரும். அந்த லயத்தை விட்டுப் போனால் போதும் என்று எல்லாரும் துடித்தோம், நானும்தான். கூரை வரைக்கும் போகிற சுவர் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கேட்டது கிடைத்தது.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு முதல் கொஞ்ச வருசம் அதே லயத்தில்தான் குடும்பம் நடத்தினேன். அவர் கை என் மேல் பட்டதே இல்லை. கோபம் வரும், பல்லைக் கடிப்பார், சோற்றுத் தட்டை எறிவார், எழுந்து வெளியே போய்விடுவார். நல்ல மனுசன் வாய்த்தார் என்று மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். நல்லதாக இருந்தது பலகைதான் என்பது புந்தோங்குக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தோட்டத்தை விற்று எங்களைக் கிளப்பினார்கள். அவர் லோரி ஓட்டுகிற வேலை பிடித்து, நீ வளர்ந்த, வரிசையில் ஒட்டின இந்த டெரஸ் வீட்டை எடுத்தார். இரண்டு பக்கமும் செங்கல் சுவர், மேலே சீலிங், முன்னால் கிரில். சுவரில் கையால் குத்திக் காட்டி, “பாத்தியா, இனிமே நம்ம வூட்டு விசயம் நம்ம வூட்டோட” என்றார். நானும் சந்தோசமாகத் தலையாட்டினேன்.

குடிவந்து கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம் மீன் கறியில் புளி கூடிவிட்டது. தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். கீழே விழுந்தவளை ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார். வாய் முழுக்க ரத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்படிக்குத் தவழ்ந்து போய், கரண்டியை எடுத்து, பக்கத்து வீட்டுச் சுவரில் தட்டினேன். பதில் வரும் வரும் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். கரண்டிக் காம்பு வளைந்ததுதான் மிச்சம். லயத்தில் பிறந்தவளைத் தவிர வேறு எவளும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் செய்திருக்க மாட்டாள். உன் அப்பா அடிக்கிறதை நிறுத்திவிட்டு நான் தட்டுவதைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். “ஆச்சி, நேத்து கபினெட் மாட்டினீங்களா? ஆள் நல்லா செய்வான்னா நம்பர் குடுங்க, எனக்கும் ஒண்ணு மாட்டணும்” என்று மலாயில் கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் என் உதட்டைப் பார்த்தாள். அதற்கு மேல் கபினெட்டைப் பற்றிப் பேசவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுப் பின்பக்க கேட்டில் பூட்டுத் தொங்கினதே இல்லை. நீ பிறந்த பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து, பின் சந்தில் இறங்கி, அந்த கேட்டுக்குள் எத்தனை தடவை புகுந்திருக்கிறேன். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், உனக்கு பிஸ்கட் கொடுப்பாள். உன் அப்பா இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆனது.

அப்போது எங்கள் வரிசையில் எல்லாரும் பின்பக்கத்தை இழுத்துக் கட்டிச் சமையலறையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கட்டிவிட்டான், இவன் கட்டிவிட்டான் என்று ஒரே போட்டி. உன் அப்பாவும் கட்டினார். பின்முற்றம் போனது, பின்கதவும் போனது. சந்துப் பக்கம் முழுச்சுவர், மேலே ஒரு சின்ன ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி. முன் கிரில்லுக்குப் புதுப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், “அம்மாடி, எம்மாம் பெரிய கிட்சன், குடுத்து வச்சவ நீ” என்றார்கள். அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். வீடு பெரிதாகப் பெரிதாக எனக்கு நிற்க இடம் குறைகிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

நீ ஆரம்பப் பள்ளி முடிக்கிற வயதில் நடந்தது உனக்கு நன்றாக நினைவிருக்கும். உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை இப்போது சொல்கிறேன். அந்தப் பெரிய கிட்சனில் உன் அப்பா என் கையை டிராயருக்குள் பிடித்து வைத்து இடுப்பால் மூடினார். இந்த நடுவிரல் மடங்காதே, மிஷினில் மாட்டியது என்று உனக்குச் சொல்லியிருந்தேனே, அது அன்றைக்கு உடைந்தது. நீ ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் கூப்பிட்டேன். தம்பி, தம்பி என்று கத்தினேன். நீ எழுந்து வருவாய் என்று நினைத்தேன். டிவியின் சத்தம் கூடியது. இன்னும் கூடியது. அதற்காக நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை, பயந்துவிட்டாய். ஆனால் வெளியே இருந்தும் யாரும் வரப்போவதில்லை, உள்ளே இருந்தும் யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு அந்த நிமிசத்தில் தெளிவாகிவிட்டது. அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கையால் சட்டியோடு தூக்கி அவர் இடுப்புக்குக் கீழே ஊற்றினேன்.

அவர் போட்ட கூச்சல் மட்டும் அந்தச் சுவரை எல்லாம் தாண்டிப் போனது. தெருவே ஓடி வந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆம்பளை கத்தினால் செங்கல்லும் வழி விடும் போல. தொடை முழுக்கத் தோல் உரிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் அது பச்சைப் பொய். அதன் பிறகு அவர் சாகிற வரைக்கும் என்னைத் தொடவில்லை. கடைசியில் கிட்னி போய்ப் படுக்கையில் விழுந்தபோது நான்தான் துடைத்துவிட்டேன், அந்தத் தழும்பையும் சேர்த்துத்தான் துடைத்தேன். ஊர் என்னைப் பத்தினி என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது.

உனக்கு நினைவில் நின்றது அந்தத் தழும்பு மட்டும்தான். போன வருசம் நீ உன் ரூம் கதவில் ஓட்டை விழக் குத்தினாய். ஏன்டா என்று கேட்டதற்கு, “நீங்க மட்டும் என்னாவாம், அப்பாவச் சுட்டவங்கதானே” என்றாய். நான் வாயை மூடிக்கொண்டு ஓட்டைக்கு மேலே காலண்டரை மாட்டினேன். யோகேஸ் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்றும் அந்தக் காலண்டர் அங்கேதான் தொங்கியது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வந்து குழியை மறைத்து வைத்த மாதிரிதான் அது. அதைச் சரிசெய்யத்தான் இப்போது கிளம்பியிருக்கிறேன்.

சத்தம் போகாத வீட்டை நீ அதற்காகவே தேடிப் பிடித்தாய் என்று நான் சொல்லவில்லை. உன் அப்பாவும் அதற்காக வாங்கவில்லை. அவருக்கும் மொசைக் தரை, கார் நிறுத்த இடம், நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் யாருக்கும் கேட்காது என்பதை மனுசனுக்கு முன்னால் அவன் கை தெரிந்துகொள்கிறது. லயத்தில் பல்லைக் கடித்தவர் இங்கே வந்து ஹெல்மெட்டைத் தூக்கினார். நீ என் வீட்டில் கதவைக் குத்தினாய், அந்தக் கெட்டிக் கதவைச் சாத்தின முதல் நாளே ஒரு பெண்ணின் கையை முறுக்கினாய். இன்னும் சாவிகூட வாங்கவில்லையேடா.

இன்று காலை யோகேஸ் வீட்டுக்குப் போனேன். நிச்சயத்தன்று அவர்கள் நமக்கு மாற்றிக் கொடுத்த தாம்பாளத்தை எடுத்துப் போனேன், வெற்றிலை பாக்கு எதுவும் வைக்காமல் வெறுமனே. அதைப் பார்த்ததும் அவள் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. “என் மவன் கை நீட்டுறான். இந்தக் கல்யாணம் வேணாம் சம்பந்தி” என்றேன். அவள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, “என்னக்கா நீங்க, எந்த ஆம்பளதான் கோவப்படாம இருக்கான். கல்யாணம் ஆனா சரியாப் போயிரும் லா. அவ்ளோ பெரிய வூடு பாத்து வச்சிருக்காரு மாப்ள, எந்தப் பொண்ணுக்குக் கெடைக்கும்?” என்றாள்.

“எனக்குக் கெடச்சிச்சு” என்று சொல்லி நடுவிரலைக் காட்டினேன். மடக்கிப் பார் என்றேன். அவள் பிடித்து அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

யோகேஸ் ரூமிலிருந்து வந்தாள். வேலைக்குப் போகிற உடுப்பில் இருந்தாள். அவள் அப்பா மேசையில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார், பஸ் ஓட்டுகிற மனுசர், அதிகம் பேச மாட்டார். அவர் தட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் சட்டையை மேலே இழுத்தாள். “கதவு இடிக்கலப்பா” என்றாள். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பார்த்தார். பிறகு என்னிடம், “ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். கதவில் குத்தினது தெரியும் என்றேன். “அப்ப ஏன் சொல்லல?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு யோகேசைப் பார்த்து, “நான் சொல்றதுக்காக வேணாம், நீ சொல்லு” என்றேன். “எனக்கு வேணாம் அத்த” என்றாள். அழவில்லை. அவள் அம்மாதான் அழுதாள். அப்பா எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து, தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தோம். பார்த்ததைச் சொல்ல நானும் உள்ளே போனேன்.

பெரிய வீட்டை நீ எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். என் பேச்சைக் கேட்பாய் என்றால், எடுக்காதே. கமுந்திங்கில் வேலை இடத்துக்குப் பக்கத்தில் இப்போது தங்கியிருக்கிறாயே, அந்த ஃபிளாட்டிலேயே கொஞ்ச காலம் தனியாக இரு. தும்மினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சுவர்தான் உனக்கு இப்போது நல்லது. கோபம் வந்தால் கதவைச் சாத்தாதே, திறந்துகொண்டு வெளியே போய்விடு. இதற்கென்று பேசுகிறவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், போய் உட்கார்ந்து பேசு, அதில் மானம் போகாது. உன் அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. உனக்கு நான் இருக்கிறேன். ஒரு நாள் இன்னொரு பெண் உன்னைக் கட்டிக்கொள்ள வருவாள் என்றால், கதவில் இருக்கிற ஓட்டையை முதலில் அவளுக்குக் காட்டுவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் நீ காரை எடுப்பாய், எனக்குத் தெரியும். ஈப்போ வந்து சேர்வதற்குள் கோபம் ஆறினாலும் ஆறும், ஏறினாலும் ஏறும். யோகேஸ் வீட்டுப் பக்கம் போகாதே, அவள் அப்பா வேலைக்குப் போகாமல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இங்கே வா. உன்னைப் பெற்றவளும் நான்தான், உன் கல்யாணத்தை நிறுத்தினவளும் நான்தான், கோபம் முழுக்க எனக்கே சேர வேண்டியது. முன்கதவையும் கிரில்லையும் திறந்து போட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பேன். எவ்வளவு கத்த வேண்டுமோ கத்து, தெருவோடு சேர்ந்து நானும் கேட்டுக்கொள்கிறேன். உன் கை என் மேல் விழுந்தால் பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன், அதே ஸ்டேஷனில் போய் உன் பெயரை இன்னொரு தடவை சொல்லுவேன். கத்தி முடித்து, கை நீட்டாமல் நீ திரும்பிப் போனால், மறுநாள் மதியம் சாப்பிட வா.

அம்மா